பழைய விமான இன்ஜினின் மேக்னெட்டோவும் ஹார்னஸும்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

பறப்பதற்கு முன் இன்ஜினை ஓட்டிப் பார்க்கும் ரன்-அப்பில், இரு மேக்னெட்டோக்களில் (பேட்டரி இல்லாமல் காந்தத்தால் பிளக்குக்குப் பொறி தரும் கருவி) வலதுக்கு மட்டும் மாற்றினால் 60 ஆர்பிஎம் (நிமிடச் சுற்று) குறைகிறது. இடதுக்கு மாற்றினால் 180 குறைந்து இன்ஜினும் உதறுகிறது. இடது மேக்னெட்டோவைக் கழற்றி ஓவர்ஹாலுக்கு அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். பல நேரங்களில் அது தவறான முடிவு. ஓவர்ஹால் முடிந்து திரும்பிய மேக்னெட்டோவை மாட்டிய பிறகும் அதே உதறல் இருக்கும். காரணம், கோளாறு மேக்னெட்டோவில் இல்லை. அதிலிருந்து பிளக்குக்குப் போகும் ஒயர்த் தொகுப்பான ஹார்னஸில் இருந்தது.

பழைய இன்ஜின் வைத்திருப்பவர் முன்னால் உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஹார்னஸைப் பழைய உறையிலேயே புது ஒயர் இழுத்துக் கட்டுவதா, முழுதாகப் புதிது வாங்குவதா? மேக்னெட்டோவைப் பொறுத்தவரை, அன்று வந்த அதே மாடலைப் புதுப்பிப்பதா, இன்றும் உதிரிபாகம் கிடைக்கும் மாடலுக்கு மாறுவதா, எலக்ட்ரானிக் இக்னிஷனுக்குப் போவதா? ஹார்னஸ் கேள்விக்கு முதலில் விடை காண வேண்டும். ஹார்னஸின் ஒரு லீடு (ஒரு பிளக்குக்குப் போகும் ஒயர்) உள்ளே அறுந்து கிடந்தால், மேக்னெட்டோவுக்குள் இருக்கும் காயில் என்ற கம்பிச் சுருள் உருவாக்கும் மின்னழுத்தத்துக்குப் பிளக்கில் வடிகால் இருக்காது. அது ஏறிக்கொண்டே போய்க் காயிலின் காப்பையோ, ஒவ்வொரு லீடுக்கும் மின்சாரத்தைப் பிரித்துவிடும் டிஸ்ட்ரிபியூட்டர் பிளாக்கையோ துளைத்துக்கொண்டு வெளியேறும். கெட்ட ஹார்னஸில் மாட்டிய நல்ல மேக்னெட்டோவும் சீக்கிரமே கெட்டுவிடும்.

எதையும் கழற்றும் முன்

ஆர்பிஎம் எவ்வளவு குறைகிறது என்பதைவிட எப்படிக் குறைகிறது என்பதுதான் அதிகம் சொல்லும். உதறலே இல்லாமல் வழுவழுப்பாக அதிகம் குறைந்தால் டைமிங் (பொறி விழும் நேரம்) பின்தங்கியிருக்கிறது. உதறலோடு குறைந்தால் ஏதோ ஒரு சிலிண்டரில் பொறி இல்லை. கொஞ்சம்கூடக் குறையவில்லை என்றால் அதைப் பார்த்து மகிழ வேண்டாம்: ஸ்விட்சிலிருந்து மேக்னெட்டோவுக்குப் போகும் பி-லீட் அறுந்து, அணைக்கப்பட்டதாக நீங்கள் நினைக்கும் மேக்னெட்டோ இன்னும் உயிரோடு இருக்கலாம். டைமிங் அளவுக்கு மேல் முன்னேறியிருந்தாலும் இப்படி நடக்கும்.

உதறல் இருந்தால் குளிர்ந்த சிலிண்டரைக் கண்டுபிடியுங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது தொடங்கி, சந்தேகமான மேக்னெட்டோவில் மட்டும் ஓரிரு நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். ஒவ்வொரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் குழாயையும் அதன் அடியில் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தச் சிலிண்டரின் பிளக்கையும் பக்கத்துச் சிலிண்டரின் பிளக்கையும் இடம் மாற்றி மீண்டும் ஓட்டுங்கள். குளிர்ச்சி பிளக்கோடு நகர்ந்தால் பிளக்தான் குற்றவாளி. ரெசிஸ்டர் உள்ள பிளக்கில் 5,000 ஓமுக்கு மேல் காட்டினால் தூக்கிப் போடுங்கள். குளிர்ச்சி அதே சிலிண்டரில் நின்றால் லீடு, அல்லது அந்த லீடு கிளம்பும் டிஸ்ட்ரிபியூட்டர் முனை. எல்லாச் சிலிண்டரும் ஒரே மாதிரி சோர்ந்திருந்தால் மட்டுமே காயில், கண்டன்சர் (மின்தேக்கி), பாயிண்ட் (மின்னோட்டத்தைத் துண்டிக்கும் தொடுமுனைகள்) பக்கம் சந்தேகம் திரும்ப வேண்டும்.

கார், பைக் வேலை பழகியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே ஒயரைக் கழற்றினால் இக்னிஷன் செத்துவிடும். மேக்னெட்டோவில் நேர்மாறு: பி-லீடைக் கழற்றினால் அது உயிர்பெறும். பி-லீட் எர்த்தைத் தொட்டால்தான் மேக்னெட்டோ அணையும். சில மாடல்களில் பி-லீட் பிளக்கை உருவியதும் உள்ளிருக்கும் ஸ்பிரிங் தானாக எர்த் செய்யும் அமைப்பு உண்டு. அதை நம்பி ப்ரொப்பெல்லரைத் தொடாதீர்கள். டைமிங் வேலைக்கு ப்ரொப்பெல்லரைச் சுற்ற வேண்டுமானால் ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் ஒரு பிளக்கைக் கழற்றி, மற்றவற்றின் லீடுகளையும் உருவிவிடுங்கள்.

ஹார்னஸ்: உறையை வைத்துக்கொண்டு ஒயரை மாற்றுவது

இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஒயர்களில் ரப்பர் காப்பும் அதன் மேல் லாக்கர் பூசிய பருத்திப் பின்னலும் இருக்கும். ரப்பர் காய்ந்து வெடிக்கும். பருத்தி ஈரத்தை உறிஞ்சும். காலையில் ஈரக்காற்றில் உதறிவிட்டு, இன்ஜின் சூடானதும் சரியாகிவிடும் இக்னிஷன் பெரும்பாலும் இந்த நோய்தான். வெளியே உலோகப் பின்னல் பளபளவென்று இருப்பதை வைத்து உள்ளிருப்பதை மதிப்பிட முடியாது. ஹை-டென்ஷன் லீடு டெஸ்டரால் ஒவ்வொரு லீடையும் 10,000 வோல்ட்டுக்கு மேல் ஏற்றி, கசிவு எவ்வளவு என்று பார்த்தால்தான் தெரியும். சாதாரண மல்டிமீட்டர் கம்பி அறுந்திருக்கிறதா என்பதை மட்டும் சொல்லும், காப்பின் நிலையைச் சொல்லாது. டெஸ்ட் செய்யும்போது எல்லா லீடுகளையும் பிளக்கிலிருந்து கழற்றித் தொங்கவிடுங்கள். ஒரே ஒரு லீடு மட்டும் கசிந்தால் ஒயர் சந்தேகம். பக்கத்து லீடுகள் இரண்டு சேர்ந்து கசிந்தால் பிளாக்கில் விரிசலோ ஈரமோ இருக்கலாம்.

ப்ராட் அண்ட் விட்னி ஆர்-985 போன்ற, சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த ரேடியல் இன்ஜின்களில் ஒயரை மட்டும் மாற்றுவதே பெரும்பாலும் சரியான வழி. அங்கே இன்ஜினைச் சுற்றி வளையமாக ஓடும் உலோக மேனிஃபோல்டு இருக்கிறது. அதற்குள் எல்லா ஒயர்களும் போய், ஒவ்வொரு சிலிண்டருக்கும் கிளைக் குழாயாகப் பிரியும். அந்த மேனிஃபோல்டு விரிசலோ துருவோ இல்லாமல் இருந்தால் அதற்கு இணையாக இன்னொன்றைத் தேடி அலைவதில் பொருளில்லை. ஒரு விதிவிலக்கு உண்டு. சில மேனிஃபோல்டுகளில் ஒயரைப் போட்டபின் காப்புப் பசையை உருக்கி ஊற்றி நிரப்பியிருப்பார்கள். அதில் ஒற்றை ஒயரை மட்டும் இழுத்து மாற்ற முடியாது. அப்படிப்பட்டதில் ஒரு லீடு கெட்டாலும் அலகு முழுவதையும் மாற்றுவதுதான் நடைமுறை.

இழுக்கும் முன் வரைபடம் எழுதுங்கள். இங்கேதான் அதிகத் தவறு நடக்கிறது. பெண்டிக்ஸ் போன்ற மேக்னெட்டோக்களின் பிளாக்கில் 1, 2, 3, 4 என்று இருப்பது சிலிண்டர் எண் அல்ல. மேக்னெட்டோ பொறி கொடுக்கும் வரிசை எண். கான்டினென்டல் ஏ-65, சி-85 இன்ஜின்களின் ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-2-4. ஆகவே பிளாக்கின் 2ஆம் முனையிலிருந்து கிளம்பும் லீடு 3ஆம் சிலிண்டருக்குப் போக வேண்டும், 3ஆம் முனையின் லீடு 2ஆம் சிலிண்டருக்கு. ஜிப்சி மேஜரில் 1-3-4-2. ஒன்பது சிலிண்டர் ரேடியலில் 1-3-5-7-9-2-4-6-8. அங்கே பிளாக்கின் 6ஆம் முனை 2ஆம் சிலிண்டருக்குப் போகும். ஒவ்வொரு ஒயரின் இரு முனையிலும் இரண்டு எண்களையும் எழுதி ஒட்டிவிட்டுத்தான் பழையதை வெட்ட வேண்டும்.

பழைய ஒயரையே கயிறாகப் பயன்படுத்தலாம்: அதன் முனையில் புது ஒயரைக் கட்டி, டால்க் தூள் தடவி மெதுவாக இழுங்கள். எண்ணெயோ கிரீஸோ வேண்டாம். ரப்பரை ஊற வைக்கும், மேனிஃபோல்டுக்குள் தூசியைப் பிடித்து வைக்கும். ஒவ்வொரு முனையிலும் சில சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு, கடைசியில் அளந்து வெட்டுங்கள். மேனிஃபோல்டின் அடியில் உள்ள வடிகால் துளைகள் அடைந்திருக்கின்றனவா என்று அப்போதே பாருங்கள். அவை அடைந்தால் உள்ளே படியும் ஈரம் புது ஒயரையும் அதே வழியில் கொண்டுபோகும்.

ஒயர் தடிமன் 5 மில்லிமீட்டர், 7 மில்லிமீட்டர் என இரு வகை. பழைய பிளாக்குகள் பலவற்றின் துளை 7 மில்லிமீட்டருக்கானது. 5 மில்லிமீட்டர் சிலிக்கோன் ஒயர் இன்று எளிதில் கிடைக்கிறது என்று அப்படியே 7 மில்லிமீட்டர் துளையில் செருகக் கூடாது. ஒயருக்கும் பிளாக்குக்கும் நடுவே காற்று இடைவெளி நின்றால் அங்கே கொரோனா மின்கசிவு உண்டாகும். அது ஓசோனை உருவாக்கும், ஓசோன் காப்பை அரிக்கும். உரிய அடாப்டர் அல்லது கிராமெட் போட்டு இடைவெளியை அடையுங்கள்.

பல பழைய பிளாக்குகளில் கூர்முனை ஸ்க்ரூ ஒயரின் காப்பைத் துளைத்து நடுக்கம்பியில் குத்தி நிற்பதுதான் இணைப்பு. ஒயர் துளையின் அடிவரை போகாமல் நின்றாலோ ஸ்க்ரூ கம்பியின் பக்கவாட்டில் நழுவினாலோ கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி உருவாகி, அங்கே எப்போதும் பொறி பறக்கும். ஸ்க்ரூவை இறுக்கிய பின் ஒவ்வொரு லீடையும் முனைக்கு முனை மீட்டரில் பாருங்கள். ஒயரைப் பிடித்து லேசாக இழுத்தும் பாருங்கள். காருக்கு விற்கும் கார்பன் நூல் ஒயரை இங்கே பயன்படுத்தவே கூடாது. குத்தும் ஸ்க்ரூ கார்பன் நூலில் நம்பகமாகப் பிடிக்காது, அதிர்வில் நூல் உள்ளுக்குள்ளேயே அறுந்துபோகும்.

பிளக் முனையில் இருக்கும் "சிகரெட்" என்ற காப்புக் குழாயை விரலால் தொடாதீர்கள். விரலின் வியர்வையில் உள்ள உப்பும் ஈரமும் அதன் மேல் மின்சாரம் ஊரும் பாதையாகி, காலப்போக்கில் கருங்கோடாகப் பதியும். ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, துணியால் பிடித்தே பிளக்குக்குள் செருகுங்கள். செருகும்போது நேராகப் போக வேண்டும். சாய்த்துத் தள்ளினால் பிளக்கின் பீங்கான் உடையும்.

ஹார்னஸ்: முழுதாகப் புதிது வாங்குவது

சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருக்கும் நான்கு சிலிண்டர் ஃபிளாட் இன்ஜின்களுக்குக் கணக்கு மாறிவிடுகிறது. தயாராகக் கட்டி, முனை பொருத்தி, டெஸ்ட் செய்து வரும் ஹார்னஸ்கள் அவற்றுக்குக் கிடைக்கின்றன. எட்டு லீடுகளைக் கையால் கட்டுவதில் மிச்சமாகும் பணத்தைவிட அதில் நேரக்கூடிய தவறுகளே அதிகம். எனவே ஏ-65, சி-85, ஓ-200 வைத்திருப்பவருக்குப் பழைய உறையின் அழகியல் முக்கியம் இல்லாவிட்டால் புதிதே மேல்.

வாங்கும் முன் பிளக் நூல் அளவைப் பாருங்கள். பழைய ஷீல்டு பிளக்குகளில் (ரேடியோ இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை கொண்டவை) பலவும் ⅝ அங்குல, அங்குலத்துக்கு 24 நூல் கொண்டவை. பின்னால் வந்த "ஆல்-வெதர்" பிளக் ¾ அங்குல, 20 நூல். பிந்தையதில் லீடின் ரப்பர் கிராமெட் பிளக்கின் வாயை அடைத்துக்கொள்வதால் மழை நீரும் ஈரமும் உள்ளே போகாது. வெளியில் நிறுத்தப்படும் விமானத்துக்கும் மழையில் பறக்கும் விமானத்துக்கும் பிளக்கையும் சேர்த்து ¾ அளவுக்கு மாறுவது நியாயமான செலவு. கூரைக்குள் நின்று தெளிந்த வானில் மட்டும் பறப்பதற்கு ⅝ போதும்.

ஷீல்டு இல்லாத திறந்த ஒயரும், பிளக்கின் தலையைக் கவ்வும் ராஜா கிளிப்பும் சில இன்ஜின்களின் அசல் அமைப்பு. ரேடியோ இல்லாத விமானத்துக்கு அதைத் திரும்ப அமைப்பதில் குற்றமில்லை. எடை குறைவு, ஒவ்வொரு லீடும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் கையில் பிடிக்கும் ரேடியோ இருந்தால்கூட இரைச்சல் சகிக்க முடியாததாகிவிடும். மாறாக, திறந்த ஒயருக்காக வடிவமைத்த பழைய மேக்னெட்டோவில் ஷீல்டு ஹார்னஸை மாட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஷீல்டு உறையும் நடுக்கம்பியும் சேர்ந்து ஒரு கண்டன்சராகின்றன. காயில் முதலில் அந்தக் கொள்ளளவை நிரப்பிய பிறகே பிளக்கில் மின்னழுத்தம் ஏறும். சோர்ந்த காந்தம் கொண்ட மேக்னெட்டோ திறந்த ஒயரில் எளிதாக ஸ்டார்ட் ஆகிவிட்டு, ஷீல்டு மாட்டியதும் முரண்டு பிடிப்பதற்கு இதுவே காரணம். அந்தக் கொள்ளளவில் சேர்ந்த ஆற்றல் பிளக் முனைகளையும் வேகமாக அரிக்கும். ஷீல்டு பிளக்குகளுக்குள் ரெசிஸ்டர் வைப்பது அதைத் தடுக்கத்தான்.

மேக்னெட்டோ: அசலையே புதுப்பிப்பது

ஐஸ்மேன், கேஸ், ஃபேர்பேங்க்ஸ்-மோர்ஸ், சின்டில்லா எஸ்எஃப்4, பிரிட்டிஷ் இன்ஜின்களில் பிடிஎச் என்று பெயர்கள் பல. உலோக வேலையில் இவற்றில் பெரும்பாலானவை மிக நேர்த்தியானவை. பேரிங் மாற்றலாம், காந்தத்தை மறுபடி ஏற்றலாம், பாயிண்டைப் புதிதாகப் போடலாம். அசலைக் காப்பாற்றுவது பெரும்பாலும் இரண்டே பொருட்களைப் பொறுத்தது: காயில், டிஸ்ட்ரிபியூட்டர் பிளாக். இவை இரண்டும் புதிதாகவோ நம்பகமாகப் புதுப்பிக்கப்பட்டோ கிடைக்குமானால் அசலோடு இருங்கள். கிடைக்காவிட்டால் மற்ற எல்லாம் புதிதாக இருந்தும் பயனில்லை.

பழைய காயில்களின் காப்பு ஷெல்லாக், வார்னிஷ் துணி போன்றவற்றால் ஆனது. பல பத்தாண்டு கிடந்தபின் ஷெல்லாக் ஈரம் வாங்கி, சூட்டில் இளகி, பிசுபிசுவென்று வழியும். அதன் அடையாளம் தெளிவானது: குளிரில் நன்றாக ஸ்டார்ட் ஆகும், இருபது முப்பது நிமிடம் பறந்தபின் உதறும், நிறுத்தி ஆறவிட்டால் மறுபடி ஓடும். சூடான இன்ஜின் ஸ்டார்ட் ஆக மறுப்பதும் இதன் மறுமுகம். மீட்டரில் பிரைமரி ஒரு ஓமை ஒட்டியும், செகண்டரி பல ஆயிரம் ஓமும் காட்டிவிட்டதால் காயில் நல்லது என்று முடிவுகட்டாதீர்கள். அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே உயர் மின்னழுத்தத்தில் மட்டும் உடையும் காப்பை மீட்டரின் சிறிய பேட்டரி காட்டாது. காயிலைச் சூடேற்றி, மேக்னெட்டோவை டெஸ்ட் பெஞ்சில் நீண்ட நேரம் ஓட்டினால்தான் உண்மை தெரியும்.

கண்டன்சரில் விவாதமே வேண்டாம்: பழைய காகிதக் கண்டன்சரை அளந்து பார்த்து வைத்துக்கொள்ளும் பழக்கத்தை விட்டு, புதிதைப் போடுங்கள். பொதுவாக 0.3 முதல் 0.4 மைக்ரோஃபாரட் வரம்பில் இருக்கும். உங்கள் மாடலின் கையேட்டு அளவே இறுதி. கண்டன்சர் சோர்ந்தால் பாயிண்டுகளுக்கு நடுவே தடித்த பொறி பறந்து, ஒரு பக்கம் குழியும் மறு பக்கம் மேடும் விழும். அந்தப் பாயிண்டை மட்டும் மாற்றினால் புதியதும் சில மணி நேரத்தில் அதே கதிக்கு ஆளாகும்.

பிளாக்கில் முடி போன்ற கருங்கோடு தெரிந்தால் அது கார்பன் பாதை. சுரண்டியோ கரைப்பான் போட்டோ அதை நீக்க முடியாது. காப்புப் பொருளே கரியாகியிருக்கிறது. பிளாக்கை மாற்றுங்கள். கோடு இல்லாமல் வெறும் ஈரம் என்றால் மெல்லிய சூட்டில் உலர்த்தி, கையேடு சொல்லும் மெழுகைப் பூசலாம். மேக்னெட்டோ உடலில் காற்றுத் துளைகள் இருப்பது தற்செயல் அல்ல. உள்ளே பறக்கும் பொறி ஓசோனையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் உண்டாக்குகிறது. ஈரத்தோடு சேர்ந்தால் அது நைட்ரிக் அமிலம். பெயின்ட் அடித்து அந்தத் துளையை மூடிய மேக்னெட்டோவைத் திறந்தால் பேரிங் முதல் பாயிண்ட் ஸ்பிரிங் வரை பச்சையும் துருவுமாக இருக்கும்.

இனி இ-கேப். காந்த ரோட்டார் நடுநிலையைத் தாண்டிச் சில டிகிரி சுழன்றபின்தான் பிரைமரி மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும். அந்தச் சில டிகிரிதான் இ-கேப். பாயிண்ட் திறக்க வேண்டியது அந்த நொடியில். பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜால் சரியாக வைத்துவிட்டு இ-கேப்பைப் பார்க்காமல் விட்டால், டைமிங் லைட் சரியென்று சொல்லும், பொறி மட்டும் பலவீனமாக இருக்கும். பாயிண்டைத் திறக்கும் கேமைத் தொடும் ஃபாலோயர் தேய்ந்தால் இடைவெளி குறுகி, பாயிண்ட் தாமதமாகத் திறக்கும். பாயிண்ட் முனை அரித்தால் இடைவெளி விரிந்து, சீக்கிரம் திறக்கும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி, வெளியே எதுவும் மாறாதது போலக்கூடத் தோன்றும். கேமைத் தடவும் ஃபெல்ட் துணியை விரலால் அழுத்துங்கள். விரலில் எண்ணெய் தெரிந்தால் போதும். காய்ந்திருந்தால் கையேடு சொல்லும் எண்ணெயில் ஓரிரு துளி. அதிகமானால் பாயிண்டில் தெறித்துக் கரியாகும். முழு உள்ளறையும் இன்ஜின் எண்ணெயில் நனைந்திருந்தால் அது ஃபெல்ட் அல்ல, ஆயில் சீல்.

ரோட்டாரை வெளியே எடுத்தால் காந்தத்தின் இரு முனைகளையும் மென்னிரும்புக் கீப்பரால் இணைத்து வையுங்கள். வெறுமனே மேசையில் கிடந்தால் பழைய காந்தங்கள் வலுவிழக்கும். மீண்டும் பூட்டும் முன் காந்தத்தை ஏற்றியே பூட்டுவது பழைய மாடல்களில் நல்ல வழக்கம்.

ஓவர்ஹால் செய்து வந்த மேக்னெட்டோவோடு இவற்றுக்கு எழுத்தில் பதில் கேளுங்கள்: காயில் புதிதா, அளந்து திரும்பப் போட்டதா? கண்டன்சர், பேரிங், சீல் மாற்றப்பட்டனவா? பிளாக் உயர் மின்னழுத்தத்தில் டெஸ்ட் ஆனதா? காந்தம் ஏற்றப்பட்டதா? 5 மில்லிமீட்டர் இடைவெளியில் தவறாமல் பொறி தரத் தொடங்கும் மிகக் குறைந்த வேகம் எவ்வளவு? சூடேறும் வரை பெஞ்சில் எவ்வளவு நேரம் ஓடியது? "சுத்தம் செய்து பெயின்ட் அடித்தோம்" என்பது ஓவர்ஹால் ஆகாது.

ரேடியல் இன்ஜினுக்கு இந்த வழிதான் ஏறக்குறைய ஒரே வழி. மாஸ்டர் ராடில் தொங்கும் மற்ற ராடுகள் சரியான வட்டத்தில் சுழல்வதில்லை. ஆகவே ஒவ்வொரு சிலிண்டரின் பிஸ்டனும் சம இடைவெளியில் மேலே வராது. அதை ஈடுகட்டப் பல ரேடியல்களில் மேக்னெட்டோவின் கேமில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி மேடு, தனிக் கோணத்தில் கடைந்திருப்பார்கள். அந்தக் கேம் ஒரு குறிப்பிட்ட இன்ஜின் வகைக்கு மட்டுமே உரியது. வெளியே ஒரே மாதிரி இருக்கும் வேறு மேக்னெட்டோவை மாட்டினால் 1ஆம் சிலிண்டரில் டைமிங் சரியாக அமையும், மற்றவற்றில் விலகும். 1ஆம் சிலிண்டருக்கான மேட்டின் குறியை வைத்தே டைமிங் பிடிக்க வேண்டும்.

ஆர்-3350, ஆர்-4360 போன்ற பெரிய இன்ஜின்களில் லோ-டென்ஷன் அமைப்பு உண்டு. அங்கே மேக்னெட்டோ குறைந்த மின்னழுத்தத்தையே அனுப்பும். ஏற்றும் காயில் பிளக்குக்குப் பக்கத்தில் இருக்கும். அது இந்த ஒப்பீட்டுக்கு வெளியே.

மேக்னெட்டோ: இன்றும் ஆதரவுள்ள மாடலுக்கு மாறுவது

கான்டினென்டல் ஏ, சி வரிசை இன்ஜின்களில் பலர் ஸ்லிக் 4300 வரிசைக்கோ பெண்டிக்ஸ் எஸ்-20 வரிசைக்கோ மாறுகிறார்கள். அடிக்கடி பறக்கும், வருடத்துக்கு நூறு மணியைத் தொடும் விமானத்துக்கு இதுவே என் பரிந்துரை. காயிலும் பிளாக்கும் பட்டியலில் இருக்கும் பொருட்கள். வேலை தெரிந்த கைகளும் எளிதில் கிடைக்கும். ஆரம்பகால ஸ்லிக் மாடல்களில் சில திறந்து பழுது பார்க்கும்படி செய்யப்படாதவை. யாராவது மலிவாகத் தந்தாலும் அவற்றை எடுக்காதீர்கள்.

மாறுவதற்கு முன் நான்கு விஷயங்களைத் தாளில் எழுதி ஒப்பிடுங்கள். சுழலும் திசை முதலாவது: வலச்சுற்று மேக்னெட்டோ இடச்சுற்று டிரைவில் பொறி தரும், ஆனால் தவறான நேரத்தில். இரண்டாவது, டிரைவ் கியர்; அதன் பல், பதியும் ஆழம், இடையில் வரும் ஸ்பேசர். மூன்றாவது, இம்பல்ஸ் கப்ளிங்கின் (ஸ்டார்ட் நேரத்தில் பொறியைத் தாமதப்படுத்தும் இணைப்பு) லேக் கோணம், அதாவது தாமதத்தின் அளவு. டைமிங் பிஸ்டனின் மேல்நிலைக்கு 28 டிகிரி முன் என்றால் 25 டிகிரி லேக் உள்ள கப்ளிங் ஸ்டார்ட் நேரத்தில் பொறியை மேல்நிலைக்கு 3 டிகிரி முன் என்ற இடத்தில் கொண்டுவந்து நிறுத்தும். அதே இடத்தில் குறைந்த லேக் கொண்ட கப்ளிங் இருந்தால் பிஸ்டன் மேலே ஏறும்போதே எரியத் தொடங்கி ப்ரொப்பெல்லர் பின்னோக்கி உதைக்கும். கையால் ப்ரொப்பெல்லரைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் விமானத்தில் அது கையை முறிக்கும் தவறு. நான்காவது, உங்கள் இன்ஜின் மாடலுக்கு அந்த மேக்னெட்டோ அங்கீகரிக்கப்பட்டதற்கான ஆவணம்.

இந்தப் புது மாடல்களுக்கும் கவனிப்பு வேண்டும். 500 மணிக்கு ஒருமுறை கழற்றித் திறந்து பார்ப்பது வழக்கம். இம்பல்ஸ் கப்ளிங் உள்ள எஸ்-20 வகைகளில் பலவற்றுக்கு அந்த 500 மணிச் சோதனை கட்டாய உத்தரவாகவே இருக்கிறது. கப்ளிங்கின் எடைக்கட்டை தேய்ந்து உடைந்தால் துண்டு இன்ஜின் கியருக்குள் விழும். ஸ்லிக்கில் பாயிண்ட் இடைவெளி 0.010 அங்குலம், அதாவது 0.25 மில்லிமீட்டர். வருடத்துக்கு இருபது மணி மட்டும் பறப்பவர் 500 மணிக்குக் காத்திருக்கக் கூடாது. ஈரத்துக்கும் சீலின் முதுமைக்கும் மணிக்கணக்கு தெரியாது. நான்கைந்து வருடத்தில் திறந்து பாருங்கள்.

எலக்ட்ரானிக் இக்னிஷன்

எளிதான ஸ்டார்ட், வலுவான பொறி, தேயும் பாயிண்ட் இல்லை. நன்மைகள் உண்மையானவை. ஆனால் மேக்னெட்டோவின் பெருங்குணம், விமானத்தில் பேட்டரியே இல்லாவிட்டாலும் பொறி தருவது. மின்சார அமைப்பே இல்லாத, கையால் ஸ்டார்ட் செய்யும் விமானத்தில் எலக்ட்ரானிக் வேண்டுமானால் பேட்டரி, அதைச் சார்ஜ் செய்யும் வழி, ஒயரிங் எல்லாம் கூடவே வரும். ஓடும்போது தானே மின்சாரம் செய்துகொள்ளும் மாடலுக்கும் ஸ்டார்ட் செய்யப் பேட்டரி வேண்டும்.

பொறி நேரத்தை முன்னால் தள்ளும் வசதியைப் பழைய இன்ஜினில் இன்ஜின் தகட்டில் பொறித்த டிகிரிக்கு மேல் பயன்படுத்தாதீர்கள். அந்த எண் அந்தச் சிலிண்டர் தலைக்கும் அந்தக் காலப் பெட்ரோலுக்கும் சோதித்துப் பெற்றது. நிலையான டைமிங்கில் வைத்து, ஒரு பக்கம் மட்டும் எலக்ட்ரானிக், மறு பக்கம் மேக்னெட்டோ என்பதே நிதானமான அமைப்பு. இரு பக்கமும் ஒரே பேட்டரியை நம்பினால் இரட்டை இக்னிஷனின் பொருளே போய்விடும். ஒரு பக்கம் மாற்றிய பின் ஆர்பிஎம் குறைவு இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. கையேடு சொல்லும் புதிய வரம்பைப் பதிவேட்டில் எழுதி வையுங்கள்.

எதைத் தேர்ந்தாலும், ஒரே நேரத்தில் அல்ல

இரண்டு மேக்னெட்டோவையும் ஹார்னஸையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள். ஒரே கையால், ஒரே பெட்டி உதிரிபாகத்தில் நேர்ந்த தவறு இரு பக்கமும் ஒன்றாக இருக்கும். வானில் ஒன்று கெடும்போது மற்றதும் கெடும். முதலில் ஹார்னஸ், சில மணி ஓட்டம், பிறகு ஒரு மேக்னெட்டோ, இன்னும் இருபத்தைந்து மணி ஓட்டம், அதன்பின் மற்றது. இரண்டும் ஒன்றாகக் காலாவதியாகியிருந்தால் மட்டும் இந்த வரிசையைக் குறுக்கலாம். அப்போதும் இரண்டையும் இருவேறு பட்டறைக்கு அனுப்புவது நல்லது.

மாட்டும்போது 1ஆம் சிலிண்டரைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் கொண்டுவந்து, டைமிங் குறிக்கு நன்கு முன்னால் இருந்து இன்ஜின் சுழலும் திசையில் மட்டும் நகர்த்திக் குறியில் நிறுத்துங்கள். குறியைத் தாண்டிவிட்டால் பின்னோக்கித் தள்ளிச் சரிசெய்யாமல், நிறையப் பின்னால் போய் மீண்டும் வாருங்கள். இல்லையேல் கியர் பல்லின் தளர்வு டைமிங்கில் புகுந்துவிடும். மேக்னெட்டோவை அதன் டைமிங் பின்னில் பூட்டி மாட்டியதும், ப்ரொப்பெல்லரைத் தொடும் முன் பின்னை எடுத்துவிடுங்கள். அதை மறந்து சுற்றினால் டிஸ்ட்ரிபியூட்டர் கியர் உடையும். டைமிங் பெட்டியை இணைத்து, இரு மேக்னெட்டோவின் பாயிண்டுகளும் தத்தம் டிகிரியில் திறக்கின்றனவா என்று பாருங்கள். சில இன்ஜின்களில் இரு பக்க டிகிரியும் வேறுவேறு. நட்டுகளை முறுக்கிய பின் இன்னொரு முறை பாருங்கள், முறுக்கும்போது உடல் நகர்ந்திருக்கும்.

முதல் ஓட்டத்தில் ஐடில் வேகத்தில் ஸ்விட்சை ஒரு கணம் ஆஃபுக்குக் கொண்டுபோங்கள். இன்ஜின் சாகத் தொடங்க வேண்டும். தொடங்கவில்லை என்றால் எங்கோ ஒரு பி-லீட் எர்த்தைத் தொடவில்லை, அது சரியாகும் வரை யாரும் ப்ரொப்பெல்லர் பக்கம் போகக் கூடாது. பிறகு சூடான இன்ஜினில் இரு பக்கக் குறைவையும் எழுதிக்கொள்ளுங்கள். இருபத்தைந்து மணி ஓடியபின் மேக்னெட்டோ மூடியைத் திறந்து பாயிண்டின் நிறத்தையும் ஃபெல்ட்டையும் பாருங்கள். டைமிங்கை மறுபடி அளந்து, முதல் நாள் எழுதிய எண்ணோடு ஒப்பிடுங்கள்.